போகன்வில் பொதுவாக்கெடுப்பு 2019: சாவடிக்கு ஐந்து நட்சத்திரம், ஒப்பந்தத்துக்கு இரண்டு

பப்புவா நியூ கினியின் தீவுப் பகுதியான போகன்வில்லில் பிரிவினைக்கான வாக்கெடுப்பை நடத்தித் தந்தது அதற்கென அமைந்த ஆணையம். தலைவர், அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் பெர்டி ஆஹெர்ன்.

நடத்திய விதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. நவம்பர் 23 முதல் டிசம்பர் 7 வரை இரண்டு வாரம் கொடுத்தார்கள். மலையிலும் குட்டித் தீவுகளிலும் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு நாள் போதாது. சீட்டில் இரண்டே கட்டம்: முதலாவது கூடுதல் தன்னாட்சி, இரண்டாவது சுதந்திரம். (‘இப்படியே இருக்கட்டும்’ என்பவருக்குக் கட்டமே இல்லை. அது வேறு வழக்கு.) பதிவான 1,81,067 சீட்டில் செல்லாதவை 1,096தான், கேள்வி எல்லாருக்கும் புரிந்திருக்கிறது. சுதந்திரத்துக்கு 1,76,928, தன்னாட்சிக்கு 3,043. காவலுக்கு நியூசிலாந்து தலைமையில் ஆயுதம் ஏந்தாத போலீஸ். கிழக்குத் திமோரில் 1999இல் நடந்த இதே மாதிரி வாக்கெடுப்பில் பாதுகாப்பை இந்தோனேசியாவின் கையிலேயே விட்டதால், முடிவு வந்ததும் ஊர்கள் எரிந்தன. இங்கே அது நடக்கவில்லை.

கோளாறு, இந்த வாக்கெடுப்புக்கு வழிவகுத்த அமைதி ஒப்பந்தத்தில். பப்புவா நியூ கினி அரசும் போகன்வில் தலைவர்களும் 2001 ஆகஸ்ட் 30இல் போகன்வில்லின் அராவா ஊரில் கையெழுத்திட்டது அது. முதல் தன்னாட்சி அரசு அமைந்த 10 ஆண்டுக்குப் பிறகு, 15 ஆண்டுக்குள் வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும் என்று கறாராக எழுதினார்கள். அந்த அரசு அமைந்தது 2005இல். அதனால்தான் 2019இல் தேதி இரண்டு முறை தள்ளிப்போயும் கைவிட முடியவில்லை. ஆனால் முடிவு வந்த பின்? தேசிய அரசும் போகன்வில் அரசும் கலந்து பேச வேண்டும், இறுதி முடிவு தேசிய நாடாளுமன்றத்துடையது. எத்தனை நாளில் என்று இல்லை. சாதாரணப் பெரும்பான்மையா, மூன்றில் இரண்டு பங்கா என்பதிலேயே வருடக்கணக்கில் இழுபறி. பத்திரிகை அடித்துவிட்டு முகூர்த்தம் போடாமல் விட்ட கல்யாணம். தெற்கு சூடானில் 2011 ஜனவரியில் வாக்களித்தார்கள், ஜூலை 9இல் கொடி ஏறிவிட்டது. அங்கே முடிவு கட்டுப்படுத்தும் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஓட்டையை விடாமல் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் இருக்கும் தேசிய அரசு கையெழுத்துப் போட்டிருக்காது என்பதும் உண்மை. இதே மாதிரி ஒப்பந்தம் எழுதப்போகிறவர்கள் மூன்றை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்: காலக்கெடு, தேவைப்படும் பெரும்பான்மை, நாடாளுமன்றம் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்ற வரி. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

2022இல் இரு அரசும், இறுதித் தீர்வு 2025க்கு முன்னும் வேண்டாம், 2027ஐத் தாண்டவும் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டன. போகன்வில் தலைவர்கள் சுதந்திரத்துக்கு 2027 செப்டம்பர் 1 என்று தாங்களே நாள் குறித்துவிட்டார்கள்.