குப்பை வண்டியா, பழைய இரும்புக் கடையா? வீட்டு பிளாஸ்டிக்குக்கு என் ஓட்டு

தருமபுரியில் எங்கள் தெருவுக்குக் காலையில் நகராட்சி வண்டி வருகிறது. இரண்டு தெரு தள்ளிப் பழைய இரும்புக் கடை இருக்கிறது. வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கைக் கழிக்க இந்த இரண்டும்தான் வழி. வெந்நீர் அடுப்பு பற்றவைக்க நாலு கவரைத் திணிக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது, அதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கவரோடு ஒரு பி.வி.சி. துண்டு சேர்ந்து எரிந்தாலும் அமிலப் புகை வரும், டயாக்சின் என்ற நச்சும் வரும். அடுப்பு ஊதுகிறவர் மூக்கில்தான் அது முதலில் ஏறும்.

வண்டியில் போடுவது சுலபம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து, நாப்கின் போன்றதைத் தனியாகக் கொடுத்தால் போதும், எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வாசலில் காசும் கேட்பதில்லை. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதுவே சரி.

ஆனால் என் ஓட்டு பழைய இரும்புக் கடைக்குத்தான். அங்கே கிடைக்கும் காசுக்காக இல்லை. ஒரு கிலோ எடை வர ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நாற்பது, ஐம்பது சேர வேண்டும். கொண்டுபோகிற பெட்ரோலுக்கே அது காணாது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். விலை உள்ள பிளாஸ்டிக்குக்குத்தான் மறுசுழற்சி. விலை இல்லாதது எந்தக் கூடையில் விழுந்தாலும் கடைசியில் குப்பை மேட்டுக்கோ, சிமெண்ட் ஆலை உலைக்கோதான் போகும்.

கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே இது புரியும். நம் ஊர்க் கடை என்பதால் பாதி இடத்தைப் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களும், உடைந்த தக்காளிப் பெட்டிகளும் அடைத்திருக்கும். பாட்டில் தனி மூட்டை, மூடி தனி மூட்டை. ஒரு டப்பாவை எடுத்து ஓரத்தை மடக்கிப் பார்ப்பார் கடைக்காரர். வளைந்தால் ஒரு பக்கம், படக்கென்று ஒடிந்தால் வேறு பக்கம். சந்தேகம் வந்தால் அடியில் இருக்கும் முக்கோண எண்ணைப் பார்ப்பார். 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால், “இது ஓடாதுங்கண்ணா” என்று தள்ளிவிடுவார். மெலமைன் தட்டு, குக்கர் கைப்பிடி இவற்றுக்கும் அதே பதில். அவை ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாத ரகம்.

இவ்வளவு கறாராகப் பிரிப்பதற்குக் காரணம் மறுசுழற்சி ஆலையில் இருக்கிறது. வருவதைத் துண்டாக அரைத்து, கழுவி, தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். பெட் அடியில் தங்கும், மூடித் துண்டுகள் மிதக்கும். அப்புறம் உருக்கி, கம்பி கம்பியாக இழுத்து, குளிரவைத்துக் குருணையாக வெட்டுவார்கள். பெட் உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும், மூடிக்கு 130இலிருந்து 160 போதும். ஒன்றுக்குள் ஒன்று கலந்தால் அந்த ஈடே கெட்டுப்போகும். பி.வி.சி. கொஞ்சம் கலந்தாலும் பெட் கருகிப் பழுப்பாகிவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பாட்டில் பெரும்பாலும் பாட்டிலாகத் திரும்புவதில்லை, பாலியெஸ்டர் நூலாகத்தான் போகிறது. பல நிறக் கவர்களைச் சேர்த்து உருக்கினால் கருப்புச் சாயம் போட்டுத்தான் விற்க முடியும். கருப்புக் குழாயும் கருப்புக் குப்பைப் பையும் அப்படி வருபவைதான்.

வண்டி தோற்பதும் இந்த இடத்தில்தான். மக்காதது என்று எல்லாம் ஒரே கூடையில் விழுகிறது. நான் கழுவிக் காயவைத்த பால் கவர்மேல் இன்னொரு வீட்டுச் சாம்பார் டப்பா கவிழ்ந்தால் என் வேலை வீண். தூய்மைப் பணியாளர்கள் அதிலிருந்து விலை போவதைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மற்றவர் எச்சிலில் அவர்கள் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. கடைசியில் அதுவும் ஒரு பழைய இரும்புக் கடைக்குத்தான் போய்ச் சேர்கிறது.

கடைக்குக் கொடுப்பதில் தொல்லை உண்டு. சேர்த்துவைக்க இடம் வேண்டும், கழுவ வேண்டும். பால் கவரை நாங்கள் மூலையில் ஒரு கீறல் போட்டு ஊற்றுகிறோம், அந்தத் துண்டு ஒட்டியே இருக்கும். முழுசாக வெட்டி எறிந்த துணுக்கை யாரும் பொறுக்க மாட்டார்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரை அடுப்படி டைல்ஸ் மேல் ஒட்டிவிட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காயாமல் அடைத்து வைத்தால் இரண்டே நாளில் நாறும், அப்புறம் வீட்டில் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள். எண்ணெய்க் கவர் இன்னும் மோசம். சோப்பும் வெந்நீரும் செலவழித்து அதைக் கழுவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதனால் எண்ணெயில் வழியையே மாற்றிக்கொண்டோம். செக்குக்குத் தூக்குப் பாத்திரம் கொண்டுபோய்க் கடலை எண்ணெய் வாங்குகிறோம், விலை கூடத்தான். ஷாம்பு சாஷேயை நிறுத்திப் பெரிய பாட்டிலுக்கு மாறினோம். பாட்டில் எடைக்குப் போகும். சாஷே போகாது, அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கி ஒட்டியது, பிரிக்க முடியாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது, ஷாம்பு சாஷே அந்தப் பட்டியலில் இல்லை, எங்கள் தெருப் பெட்டிக்கடையில் அதன் சரம் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் எதை வேண்டாம் என்றாரோ அதை வாங்குவதைக் குறைப்பது என்று வைத்துக்கொண்டதில், வேறு எந்த அறிவுரையையும்விட வேகமாக வீட்டுக் குப்பை இறங்கியது.

நான் சொல்வது தனி வீட்டுக் கணக்கு. ஓசூர் அடுக்குமாடிகளில் சங்கமே ஆள் வைத்துப் பிரிப்பதாக உறவினர்கள் சொல்கிறார்கள், அங்கே வண்டியே மேலாக இருக்கலாம். எங்கள் வீட்டிலும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிஸ்கட் உறை, மாத்திரை அட்டை, சாப்பாட்டுப் பார்சல் கவர் எல்லாம் ஒரு தனிப் பையில் அதற்குத்தான் போகின்றன. நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்கிறோம்.