மருந்தை நிறுத்தினால் டாக்டருக்கு எப்படிச் சொல்வது: அட்டையா, வாட்சாப்பா, போனா?

பினாங்கில் பல முதியோர் இல்லங்களில் டாக்டர் தங்குவதில்லை, குறித்த நாளில் வந்து போவார். காலையில் பாட்டிக்கு மேல் பிபி 92. பிபியையும் நாடியையும் குறைக்கும் பிசோப்ரோலோலை (பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை) கொடுக்காமல் மிஸ்ஸி (நர்ஸ்) எடுத்து வைத்துவிடுகிறார். சரி, டாக்டருக்கு யார், எப்படிச் சொல்வது?

மருந்து அட்டையில் அந்த வேளைக்கான கையெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு (கொடுக்கவில்லை என்பதற்கான குறி), பின்பக்கம் காரணம் எழுதுவது கட்டாயம். ஆனால் டாக்டர் வந்து புரட்டும்வரை அது யாருக்கும் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து வட்டம் விழுந்தால்? பீட்டா பிளாக்கரைச் சட்டென்று விட்டால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலியும் வரலாம்.

வாட்சாப் எல்லாருக்கும் வசதி. வருகிற செய்திதான் அரைகுறை: "பிபி லோ, மருந்து ஹோல்ட்." எவ்வளவு லோ? எந்த மருந்து? நாடி எவ்வளவு? நீல டிக் விழுந்தால் டாக்டர் படித்தார் என்றுதான் அர்த்தம், உத்தரவு கொடுத்தார் என்றல்ல.

போனில் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். கிளினிக்கில் கூட்டம் இருந்தால் டாக்டர் சிடுசிடுப்பார்தான், பரவாயில்லை. பிபி, நாடி, சர்க்கரை, சாப்பிட்டாரா, கடைசியாக மருந்து கொடுத்தது எப்போது என்பதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, உடனே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஷிஃப்ட் மாறும்போது காணாமல் போகும்.

என் ஓட்டு நாலாவது வழிக்கு: டாக்டர் வரும்போதே அளவை எழுதி வாங்கிவிடுவது. "மேல் பிபி 100-க்குக் கீழோ நாடி 55-க்குக் கீழோ போனால் கொடுக்காதே, இரண்டு வேளை தொடர்ந்தால் போன் செய்" என்பது போல. அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதய மருந்தான டிகாக்சினுக்குப் பொதுவாக நாடி 60-க்குக் கீழே போனால் கொடுக்காதே என்று எழுதுவார்கள். அதற்கு மிஷினை நம்பாமல் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பாட்டி தமிழில் சொல்வதை மிஸ்ஸி மலாயில் குறித்து, டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசுகிற ஊரில் எண்ணாக எழுதி வைப்பது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் எண்ணில் அடக்க முடியாது. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறவருக்கு ஈறில் ரத்தம் கசிந்தால் நேரே போன்தான், வாட்சாப்புக்கு வேலையில்லை. ரத்தச் சர்க்கரை 4-க்குக் கீழே (mmol/L கணக்கில்) போனால் முதலில் இனிப்பு, அப்புறம் போன். பார்க்கின்சன் நோயுள்ள தாத்தா அதற்கான மருந்தான லெவோடோபாவை மறுத்தாலும் நேரே போன்தான், அடுத்த வேளை பார்க்கலாம் என்று விடக்கூடாது: நேரம் தவறினால் உடம்பு விறைத்து, மாத்திரையை விழுங்குவதே அவருக்குப் பெரும்பாடாகிவிடும்.