ரோசாப் பாத்திக்கு உரத்தைக் குறைக்க மூன்று வழி: நாங்கள் ஏன் கூட்டெருவுக்குப் போனோம்

மலைநாட்டில் பொதுப் பூங்காவில் ரோசா வளர்ப்பவர்களுக்கு ஏப்ரல் சீசன்தான் பரீட்சை. நுவரெலியாப் பக்கம் சனம் குவிகிற அந்த வாரங்களில் பாத்தியில் பூ இல்லாவிட்டால் மேலே இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். கவ்வாத்து, அதாவது கிளை வெட்டு, முடிந்து பூக்க ஏழெட்டு வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பயத்தில் கை தாராளமாகிவிடும், உரம் அள்ளி இறைக்கப்படும். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் நீங்கியது. விலை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. உரத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்ற பேச்சு எங்கள் பூங்காவிலும் அப்போதுதான் எழுந்தது.

வழி மூன்று தெரிந்தது. வழக்கமான மூட்டை உரத்தை, அதாவது இரசாயன உரத்தை, அப்படியே பாதியாக்குவது. மேலே பூச்சுப் பூசிய, மெதுவாகக் கரையும் குருணை உரத்துக்கு மாறுவது. குப்பையை மக்கவைத்த கூட்டெருவும், மண்ணை மூடப் புல் பரப்பும் மூடாக்கும் போட்டு, மூட்டை உரத்தைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்வது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. ஆகவே என்னிடம் நடுநிலையை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த வழி என்றாலும் முதலில் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். நம்முடைய செம்மஞ்சள் மண் புளிப்பு மண்; புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5க்குக் கீழே இருப்பது இங்கே சாதாரணம். ரோசாவுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் அந்தப் புளிப்பை இன்னும் கூட்டும். டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டுப் புளிப்பைச் சரிசெய்யாமல் உரத்தைக் குறைத்தால் செடி பட்டினிதான் கிடக்கும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் போடும் டொலமைட் அளவைக் கேட்டுவந்து போடுவதும் உதவாது. தேயிலைக்குப் புளிப்பு பிடிக்கும்; அதற்கு 4.5 முதல் 5.5 வரை போதும்.

பாதியாக்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாளைக்கே தொடங்கலாம், காசும் உடனே மிச்சம். ஆனால் தென்மேற்குப் பருவமழையில் சரிவில் உள்ள பாத்திக்கு எதைப் போட்டாலும் தழைச்சத்தில் (நைதரசனில்) ஒரு பங்கு வடிகான் வழியே இறங்கிவிடும். எங்கள் பக்கத்துக் கான் தண்ணீர் நானு ஓயா ஆற்றில் சேர்ந்து கொத்மலை நீர்த்தேக்கம் வரைக்கும் போகிறது. பாதி போட்டாலும் அந்தக் கழுவல் நிற்காது. ஒரு நன்மை உண்டு. அளவுக்கு மீறிய தழைச்சத்தில் வரும் கொழுத்த இளந்தளிர் குறைவதால், அழுக்கணவன் பூச்சியும் சாம்பல் நோயும் கொஞ்சம் அடங்கும். அப்புறம், வருடக்கணக்காகக் கலப்பு உரம் கண்ட பாத்தியில் பொசுபரசு தேங்கிக் கிடக்கலாம். மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் நடந்திருப்பது அதுதான். பரிசோதனை அறிக்கை அப்படிச் சொன்னால் பொசுபரசை அடியோடு விட்டுவிடலாம். வலிக்காமல் குறைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

குருணை உரத்தை நான் வாசல் பூச்சட்டிகளில் மட்டும் பார்த்திருக்கிறேன். சட்டிக்கு அருமை. ஒருமுறை போட்டால் மாதக்கணக்கில் கவலையில்லை, மழைக்கும் அவ்வளவாகக் கரைந்து ஓடாது. ஆனால் அது சூட்டைப் பொறுத்துச் சத்தை விடுகிற சரக்கு. பையில் போட்டிருக்கும் மாதக் கணக்கு பெரும்பாலும் 21 பாகை வெப்பத்துக்கு உரியது. நுவரெலியாவின் சராசரி 16 பாகைதான். இங்கே அது இன்னும் மெதுவாகத்தான் விடும். பெப்ரவரிக் குளிரில் செடி கேட்கும்போது கொடுக்குமா என்று திறந்த பாத்தியில் நான் பார்த்ததில்லை. விலையும் கூட. பத்து இருபது செடியும் ஒரே ஒரு வேலையாளும் உள்ள விடுதித் தோட்டத்துக்கு ஒருவேளை இதுவே சரியாக இருக்கலாம்.

கூட்டெருவுக்கு வருவோம். இதற்கு எதிரான வாதம் பலமானது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். நல்ல கூட்டெருவில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒரு 50 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். அதை யார் மேட்டுக்குச் சுமப்பது? ஆள் எங்கே? எங்கள் கூட்டத்திலும் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் உரத்தின் விலை அல்ல, இந்த ஆள்கணக்குதான்.

கணக்கை இப்படிப் பாருங்கள். பொதுப் பூங்கா என்றால் வெட்டிய புல், உதிர்ந்த இலை, வாடிய பூ தினமும் சேரும். அதைக் கூட்டி, கட்டி, டிராக்டரில் ஏற்றி வெளியே கொட்டுவதற்கு ஏற்கெனவே ஆளும் கூலியும் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது மூலையிலுள்ள குவியலுக்குப் போகிறது. ஆனால் பெரிய மிச்சம் களையில். மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் மழையில் களை எடுத்து ஒரு கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் தொடங்கிய கோடியில் மறுபடி முளைத்திருக்கும். பாத்தியில் கூட்டெரு போட்டு, அதற்கு மேல் நாலு விரல் உயரத்துக்கு மானாப் புல் பரப்பிய பிறகு முளைப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. வருவதும் பொலபொலவென்று கையோடு வருகிறது. களைக்குப் போன ஆட்கள்தான் இன்று குவியலைப் புரட்டுகிறார்கள், கூடை சுமக்கிறார்கள். புதிதாக ஆள் எடுக்கவில்லை.

மானாவைத் தண்டோடு ஒட்டிப் போடக்கூடாது. ஒரு சாண் விடவேண்டும். மண்ணோடு கிளறிவிடவும் கூடாது. கிளறினால் அது மக்குவதற்கே மண்ணிலுள்ள தழைச்சத்து போய்விடும்.

மூடாக்கில் இன்னொரு லாபம் உண்டு. கரும்புள்ளி நோய் கீழே விழுந்த இலையிலிருந்து மழைத்துளி தெறித்து மேலே ஏறுவது. பழைய இலைகளை வாரிவிட்டுப் புதுப் புல் போட்டால் அந்தத் தெறிப்பு குறைகிறது. வாரிய அந்த நோய் இலை கூட்டெருக் குவியலுக்குப் போகாது, அது தனிக் குழிக்கு. குவியலின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிவைத்திருக்கிறோம். உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கவேண்டும். இல்லையென்றால் புரட்டும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

குறையும் உண்டு. ஈர மாதங்களில் மூடாக்குக்கு அடியில் ஓடில்லா நத்தை குடியேறும். அந்தியில் போய்ப் பொறுக்கத்தான் வேண்டும். கோழி எருவுக்கு மரக்கறித் தோட்டக்காரர்களோடு போட்டி. கிடைத்தாலும் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். முக்கியமான குறை, குளிர் மண்ணில் கூட்டெரு மெதுவாகத்தான் சத்து விடும், அதுவும் பெப்ரவரிக் கவ்வாத்துக்குப் பிறகு செடி அவசரப்படும் நேரத்தில். அதனால் துளிர் விரல் நீளம் வந்ததும் ஒரு சிறு கை மூட்டை உரம், முதல் பூச்சுற்று முடிந்ததும் இன்னொன்று. இந்த இரண்டையும் நிறுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒரே அடியாக எல்லாவற்றையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நாடே 2021இல் பார்த்துவிட்டது.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயில் மாதங்கள் கடுமை. அங்கே ஈரத்தைக் காப்பதற்கே மூடாக்கு இன்னும் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே நான் பராமரித்த பாத்தி கிடையாது. கொடி ரோசாவுக்கும் இதே அளவு பொருந்துமா என்று கேட்டால், எங்களிடம் இருப்பது வளைவில் ஏறிய சில கொடிகள்தான், அதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

கவ்வாத்துக் குச்சிதான் இன்னும் தீராத தலைவலி. முள்ளோடு கிடக்கும், லேசில் மக்காது. நறுக்கும் இயந்திரம் ஒன்று கேட்டு எழுதியிருக்கிறோம். அது வரும்வரை காயவைத்து எரித்து, சாம்பலைக் கொஞ்சமாகப் பாத்திக்குத் தூவுகிறோம். சாம்பலும் புளிப்பைக் குறைக்கும் என்பதால் அந்தப் பாத்தியில் டொலமைட்டை அவ்வளவுக்குக் குறைத்துக்கொள்கிறோம்.