காருசோ: கரகரப்போடு கேட்பதா, கழுவிக் கேட்பதா?

இத்தாலிய ஓபரா பாடகர் என்ரிகோ காருசோவின் இசைத்தட்டுகளில் ஒன்றுகூட மைக் வைத்துப் பதிவானதல்ல. 1921 ஆகஸ்டில் நேப்பிள்ஸில் அவர் இறந்தபோது வயது 48. மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை இசைத்தட்டுத் தொழிலுக்கு வந்தது 1925-இல். நாலு வருஷம் முந்திக்கொண்டு போய்விட்டார் மனிதர். 1902 முதல் 1920 வரை அவர் பதிவு செய்ததெல்லாம் ஒரு ஹார்னுக்குள் பாடியவைதான். ஹார்னின் அகன்ற வாய்க்குள் குரல் போகும். குறுகிய முனையில் ஒரு சவ்வு அதிரும். சவ்வோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகில் கோடு கீறும். அவ்வளவுதான். நடுவில் மின்சாரம் என்ற பேச்சே கிடையாது.

அந்த ஹார்ன் எல்லா ஒலியையும் உள்ளே விடாது. தோராயமாக 200 ஹெர்ட்ஸ் முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை விடும். அதற்குக் கீழும் மேலும் கைவிரித்துவிடும். அடிநாதம் எடுபடாததால் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்குப் பதில் டியூபா என்ற பித்தளைக் குழலை ஊதுவார்கள். வயலின் கேட்காது என்பதால் உலோகக் குழாய் பொருத்திய ஸ்ட்ரோ வயலினைக் கொண்டுவருவார்கள். போதாததற்கு ஹார்னுக்கே சொந்தமாக ஒரு 'ஓங்காரம்' உண்டு. குடத்துக்குள் பேசினால் சில சுரங்கள் மட்டும் விம்முமே, அதேதான். ஆக, நமக்குக் கிடைப்பது பாதி காருசோ, மீதி குடம்.

இந்தக் குடத்திலிருந்து அவரை வெளியே எடுக்கக் கடந்த தொண்ணூறு வருஷமாக ஆளாளுக்கு ஒரு வழி பார்த்திருக்கிறார்கள். எதை வாங்குவது, எதைக் கேட்பது என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவது நியாயம். நான் கேட்ட வரையில், ஒன்றோடொன்று போட்டியில் நிற்கும் ஐந்து வழிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வழி 1932-இல் தொடங்கியது. மின்முறைத் தட்டுகள் வந்து ஏழு வருஷமாகியிருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் காருசோ தட்டுகள் சோனியாகக் கேட்டன. அவற்றை வெளியிட்ட அமெரிக்க விக்டர் கம்பெனி ஒரு யோசனை செய்தது: பழைய தட்டை ஓடவிட்டு, அதற்கு மேல் புது ஆர்கெஸ்ட்ராவை வாசிக்க வைத்து மறுபதிவு செய்துவிடலாம். அமெரிக்காவில் நதானியல் ஷில்க்ரெட் நடத்தினார். பிரிட்டனில் ஹெச்.எம்.வி.யும் இதே வேலையைச் செய்தது. கேட்டுப்பாருங்கள்: முன்னால் புது வயலின்கள், நடுவில் காருசோ, அவருக்குப் பின்னால் பழைய ஆர்கெஸ்ட்ராவின் ஆவி. பழைய டியூபா போகவில்லை. புது பாஸுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு உறுமுகிறது. ஒரே மேடையில் இரண்டு கச்சேரி. சரித்திர ஆர்வத்துக்கு ஒரு தடவை கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இதே யோசனை கணினி வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததுதான் இரண்டாவது வழி, 'காருசோ 2000' என்ற இசைத்தொகுப்பு. பழைய ஆர்கெஸ்ட்ராவை முடிந்தவரை வழித்தெடுத்துவிட்டு, வியன்னா ரேடியோ சிம்பனியை காட்ஃப்ரீட் ராப்ல் நடத்த, காருசோவின் குரலுக்குப் புதுத் துணை கொடுத்தார்கள். வேலை சுத்தம், சந்தேகமில்லை. காருசோ இழுக்கிற இடத்தில் நின்று, அவர் ஓடுகிற இடத்தில் ஓடி, ஆர்கெஸ்ட்ரா நிழல்போல் ஒட்டிக்கொண்டு வருகிறது. என் மனக்குறையும் அதிலேயே இருக்கிறது. பாடகர் ஒரு சுரத்தை நீட்டினால் பக்கவாத்தியம் அதைக் கேட்டு, யோசித்து, விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் கணநேரத் தயக்கம்தான் கச்சேரிக்கு உயிர். இங்கே பக்கவாத்தியத்துக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும், பாடகருக்கோ பக்கவாத்தியம் இருப்பதே தெரியாது. அகன்ற, பளபளப்பான வியன்னா ஒலிக்கு நடுவே அந்தக் குரல் பழைய டெலிபோனில் பேசுவதுபோல் ஒலிக்கிறது. குடத்தின் குறை முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. ஓபரா பழக்கமில்லாத நண்பருக்குப் போட்டுக்காட்ட உதவும். நான் அதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வழி அறிவால் கிளம்பியது. எனக்கு மரியாதை உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த தாமஸ் ஸ்டாக்ஹாம், அமெரிக்க அதிபர் நிக்சனின் வாட்டர்கேட் ஊழல் விவகார டேப்பில் அழிந்துபோன பதினெட்டரை நிமிஷத்தை ஆராய்ந்த நிபுணர் குழுவில் ஒருவர். அவர் கேட்ட கேள்வி இது: ஹார்ன் குரலை எப்படிக் கோணலாக்கியது என்று தெரிந்தால், அந்தக் கோணலைத் திருப்பிப் போட முடியாதா? ஆனால் அந்த ஹார்னே இப்போது கைவசம் இல்லை. அளந்து பார்க்க வழியில்லை. அதனால் அவர் சுற்றுவழியாகப் போனார். காருசோவின் தட்டு முழுவதிலும் எந்தெந்த அதிர்வெண் சராசரியாக எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கணக்கெடுத்தார். பிற்கால டெனர் (உச்சக் குரல் ஆண் பாடகர்) ஒருவர் நல்ல மைக் முன் பாடிய அதே பாட்டுக்கும் அதே கணக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹார்ன் செய்த வேலை என்று வைத்துக்கொண்டு, அதைத் தலைகீழாக்கிக் காருசோ மேல் போட்டார். 1976-இல் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனம் அதை எல்.பி.யாக வெளியிட்டது. டிஜிட்டல் என்ற சொல்லையே பலர் கேட்டிராத காலம் அது.

கேட்டால் முதலில் மூச்சு நிற்கிறது. மூக்கடைப்பு போய், குரலுக்கு நெஞ்சுக்கூடு முளைத்திருக்கிறது. அப்புறம் பத்து நிமிஷத்தில் சந்தேகம் வருகிறது. குரல் கொஞ்சம் மங்கல், ஓரங்கள் உருண்டை, கம்பளிக்குள் சுற்றிவைத்ததுபோல் ஒரு மெத்தனம். காரணத்தையும் ஊகிக்கலாம். அந்த முறைக்கு அடிப்படையே இன்னொருவர் தொண்டை. இருவர் குரலும் சராசரியில் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நம்பினால்தான் கணக்கு நிற்கும். காருசோவோ யாருடைய சராசரியிலும் அடங்காதவர் என்பதற்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்? தவிர, உச்சத்துக்குப் போகும்போது அந்தக் காலத்துப் பாடகர்கள் ஹார்னிலிருந்து ஓரடி பின்வாங்குவார்கள், இல்லாவிட்டால் ஊசி கோட்டைத் தாண்டிக் கீறிவிடும். அந்த முன்பின் நடை எந்தச் சராசரிக்குள்ளும் வராது. இன்னொன்று, ஹார்ன் உள்ளேயே விடாத ஒலியை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அந்த இடத்தில் ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

இப்போது பேசப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடமும் எனக்கு இதே தயக்கம்தான். இல்லாத மேல் ஒலியை அவை நிரப்பித்தரும். எங்கிருந்து எடுத்து? ஆயிரம் பிறர் தொண்டைகளிலிருந்து.

நாலாவது வழிக்கு வருவதற்கு முன், இதுவரை நான் சொல்லாமல் தள்ளிவைத்த ஒன்றைப் பேசியாக வேண்டும். கரகரப்பு, இரைச்சல் என்று எல்லோரும் புலம்புகிறோமே, அது இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை வேகம்.

'78 தட்டு' என்று பெயர்தானே தவிர, காருசோ காலத்துத் தட்டுகள் நிமிஷத்துக்கு 78 சுற்று என்ற கணக்கில் பதிவானவை அல்ல. விக்டர் தட்டுகள் பலவும் 76-ஐ ஒட்டி ஓடியவை. 1902 ஏப்ரல் 11 அன்று மிலானில் ஒரு ஓட்டல் அறையில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் பதிவு செய்த பத்துத் தட்டுகள் அதைவிட நன்றாகக் குறைந்த வேகத்தவை. (பத்துக்கும் சேர்த்துக் கூலி நூறு பவுண்டு. இதே கெய்ஸ்பர்க்தான் அந்த வருஷம் நவம்பரில் கல்கத்தா வந்து இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தவர்.) மெழுகைச் சுழற்றியது எடைக்கல்லோ வில்சுருளோ இழுக்கும் இயந்திரம். ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் வேகம் மாறும். சில தட்டுகளில் தொடக்கத்துக்கும் முடிவுக்குமே ஒத்துப்போகாது.

கர்நாடகக் கச்சேரி கேட்கிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வேகம் ஆறு சதவீதம் ஏறினால் சுருதி அரைக் கட்டை ஏறும். ஆனால் சுருதி மட்டுமா ஏறுகிறது? காருசோ தட்டு ஒன்றின் ஒலிக்கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, வேகத்தை வேண்டுமென்றே நாலு சதவீதம் கூட்டிப் பாருங்கள். நான் 1907-இல் அவர் பாடிய 'வெஸ்தி லா ஜூப்பா'வை வைத்துச் செய்தேன். லியோன்கவாலோவின் 'பல்யாச்சி' ஓபராவில், மனைவி துரோகம் செய்த சேதி தெரிந்த கோமாளி, மேடைக்குப் போக மாவைப் பூசிக்கொண்டே பாடுகிற பாட்டு. சரியான வேகத்தில், முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருக்கும் ஆள் ஒருவன் நெஞ்சிலிருந்து வெடிக்கிறான். நாலு சதவீதம் கூட்டியதும் அவன் இருபது வயதுப் பையனாகிறான். குரலின் அசைவு ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நடுங்குகிறது. 'ஆ' என்ற உயிரெழுத்தே வாயகலம் குறைந்து ஒலிக்கிறது. இரைச்சல் அப்படியே இருக்கிறது, காருசோ மட்டும் காணாமல் போய்விட்டார்.

சரி, ஸ்வரப்புத்தகத்தில் உள்ள சுருதிக்குப் பொருத்திவிட்டால் போகிறது என்று தோன்றும். அங்கேயும் ஒரு பள்ளம். உச்ச சி சுரம் வருகிற பாட்டுகளை டெனர்கள் அரைக் கட்டை இறக்கிப் பாடுவது அன்றும் இன்றும் வழக்கம். காருசோவுக்கு உச்ச சி அப்படியொன்றும் கைவந்ததல்ல. 'லா போஹீம்', 'இல் ட்ரோவதோரே' போன்ற ஓபராக்களின் தட்டைக் கையில் எடுத்தால், அவர் எழுதியபடி பாடினாரா, இறக்கிப் பாடினாரா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அதே நாளில் பதிவான பிற தட்டுகளோடு ஒப்பிட வேண்டும். வாத்தியங்களின் சாயலைக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆளின் குரலைத் தெரிந்திருக்க வேண்டும்.

வார்ட் மார்ஸ்டனின் வேலை எனக்குப் பிடிப்பது இதனால்தான். இது நாலாவது வழி. அமெரிக்கர், பியானோ கலைஞர், பார்வையற்றவர். காருசோவின் பதிவுகள் முழுவதையும் நாக்சோஸ் நிறுவனத்துக்காகப் பன்னிரண்டு சி.டி.க்களாகத் தொகுத்தார். அவருடைய உழைப்பில் பெரும்பகுதி கணினிக்கு முன்பே முடிந்துவிடுகிறது: நல்ல தட்டைத் தேடுவது, வேகத்தை நிர்ணயிப்பது, பொருத்தமான ஊசியைத் தேர்வது. ஊசி விஷயம் சின்னதாகத் தெரியலாம். பழைய கிராமபோனின் எஃகு ஊசி நூறு கிராமுக்கு மேல் பாரத்தோடு பள்ளத்தை உழுதுகொண்டு போகும். உழுத இடம் தேய்ந்துபோகும். சற்றே அகலம் மாறிய ஊசியை வைத்தால் அது பள்ளத்துச் சுவரில் தேயாத இடமாகப் பார்த்து உட்காரும். கரகரப்பில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும், எந்த மென்பொருளும் தொடாமல்.

மீதியை அவர் அப்படியே விட்டுவிடுகிறார். பின்னால் மழை பெய்கிறது. அவ்வப்போது கடுகு வெடிக்கிறது. முதல் இரண்டு பாட்டுக்குத் தொந்தரவு, மூன்றாவதில் காது மழையைத் தனியாக ஒதுக்கிவிடும். இதை அழிக்கப்போனால் என்ன ஆகும் என்று நானே செய்து பார்த்தேன். அதே 'வெஸ்தி லா ஜூப்பா'வில், பாட்டுக்கு முன் ஒரு வறண்ட சிரிப்பு வரும். வெடிப்புநீக்கியைக் கொஞ்சம் தாராளமாகத் திருகினேன். கடுகு போயிற்று, கூடவே சிரிப்பின் முனையும் போயிற்று. இத்தாலியர் உருட்டுகிற 'ர்' அத்தனையும் மென்பொருளுக்கு வெடிப்பாகத்தான் தெரிகிறது. இரைச்சல்நீக்கியையும் ஏற்றினால், தண்ணீருக்குள் சில்லறைக் காசு குலுங்குவதுபோல் குரலைச் சுற்றி ஒரு கிணுகிணுப்பு. இணையத்தில் 'முற்றிலும் சுத்தம்' என்ற பெயரோடு சுற்றும் காருசோக்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் காசுச் சத்தம் கேட்கலாம்.

ஐந்தாவது வழி பிடிவாதக்காரர்களுடையது. வேல்ஸ் எல்லையில், மான்மத் ஊருக்குப் பக்கத்தில் இருந்த நிம்பஸ் நிறுவனம் 1989-இல் 'ப்ரிமா வோச்சே' என்று ஒரு வரிசை தொடங்கியது. அவர்கள் வாதம்: ஹார்னால் பதிவானதை ஹார்னால்தான் கேட்க வேண்டும். பிரம்மாண்டமான ஹார்ன் வைத்த பழைய கிராமபோனில், எஃகு ஊசிக்குப் பதில் சீவிய முள்ளைப் பொருத்தி, தட்டை ஒரு கூடத்தில் ஓடவிட்டு, அந்தக் கூடத்து ஒலியை நவீன மைக்கால் பதிவு செய்தார்கள். மின்முறையில் இரைச்சல் நீக்குகிற வேலையே இல்லை. முள் மிருதுவானது, ஹார்ன் இரைச்சலைத் தானே தின்றுவிடும்.

இதைத் திட்டுகிறவர்கள் அதிகம். கூடத்தின் எதிரொலி காருசோவுடையது அல்ல, இரண்டாவது ஹார்னும் தன் பங்குக்கு ஓங்காரம் போடுகிறது என்பார்கள். இரண்டும் உண்மை. குடத்துக்கு மேல் குடம். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு விளக்கைத் தணித்து, கொஞ்சம் சத்தமாக வைத்தால், அறையின் அந்தக் கோடியில் ஒரு மனிதர் நின்று பாடுகிறார். மார்ஸ்டனின் காருசோ ஒலிபெருக்கியிலிருந்து வருகிறார். நிம்பஸின் காருசோ தரையில் நிற்கிறார். பாட்டின் நுணுக்கத்தைக் காதில் பிடிக்க முடியாது, மூச்செடுப்புகள் எதிரொலியில் கரைந்துவிடும், பியானோ துணையோடு பாடிய ஆரம்பகாலப் பாட்டுகளில் பியானோ பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால் மார்ஸ்டனைக் கையில் கொடுத்துவிடுவேன். முதல் தொகுதியிலிருந்து தொடங்காதே, 1906-க்குப் பிந்தையதிலிருந்து தொடங்கு என்றும் சொல்வேன். ஆரம்பத் தட்டுகளின் கரகரப்பு புதுக் காதை விரட்டிவிடும். 1902 மிலான் தட்டுகளை மூன்றாம் மாதம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் மழை பழகியிருக்கும், அடியில் 29 வயது இளைஞன் பியானோவைக் காத்திருக்க விடாமல் அவசரமாக உள்ளே நுழைகிற இடம் காதில் விழும்.