வலி ஊசியா, வலியில்லாத ஊசியா? வேலூர் வெயிலில் நாங்கள் எடுத்த முடிவு

காட்பாடியில் எங்கள் தெருவில் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். ஒன்றரை மாத ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவதா, தனியார் கிளினிக்கில் ‘வலியில்லாத ஊசி’ போடுவதா? என் மகள் மார்ச் தொடக்கத்தில் பிறந்தாள். முதல் ஊசி ஏப்ரலில், இரண்டாவது மே நடுவில், மூன்றாவது ஜூனில். அக்னி நட்சத்திரம் முழுக்க அவளுக்கு ஊசிக் காலம்.

நாத்தனார் தன் பையனுக்குத் தனியாரில் போட்டவர். அத்தையும் அந்தப் பக்கம்தான். “கொழந்த ராவெல்லாம் அழுவும், என்னாத்துக்கு அந்த ஊசி?” என்றார். கடைசியில் அரசு ஊசிதான் போட்டோம், மூன்று தவணையும் முடிந்துவிட்டது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

அரசு தருவது பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசி. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் இது முதலில் வந்தது. தனியாரில் நாத்தனார் போட்டது இந்த ஐந்தோடு போலியோவும் சேர்ந்த ஹெக்ஸா. வலியில் வித்தியாசம் வருவது கக்குவான் பகுதியால். அரசு ஊசியில் கொல்லப்பட்ட முழுக் கிருமி இருக்கிறது. வலி குறைந்த ஊசியில் அந்தக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த சில புரதங்கள் மட்டும்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம். நாத்தனாருக்கு ஒரு தவணைக்கு ஊசி மட்டும் 4,000 ரூபாய்க்கு மேல் ஆனது, நிமோனியா ஊசிக்குத் தனிக் காசு. அரசில் அதுவும் 2021 முதல் இலவசம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் அங்கே இலவசம்தான். இந்தியாவில் உருவான ரோட்டா மருந்தைப் பரிசோதித்த மூன்று ஊர்களில் டெல்லி, புனேயோடு நம் வேலூரும் ஒன்று.

வலியை மறைக்க மாட்டேன். முதல் ஊசி போட்ட அன்று இரவு மகளுக்குக் காய்ச்சல். தொடை வீங்கிக் கல்லாக இருந்தது. காலைத் தொட்டாலே வீறிட்டாள். நர்ஸம்மா எடைக்கு ஏற்ப அளவு சொல்லிக் கொடுத்த பாராசிட்டமால், ஈரத்துணி, தாய்ப்பால், இதை வைத்தே விடிய விடிய ஓட்டினோம். மறுநாள் சாயங்காலம் சிரித்துவிட்டாள். நாத்தனார் பையன் ஊசி போட்ட அன்றும் தூங்கியிருக்கிறான். குத்தும் குறைவு. அரசில் முதல் தவணைக்கும் மூன்றாவதற்கும் பென்டா, நிமோனியா, கையில் போலியோ என்று மூன்று குத்து. ஹெக்ஸாவில் போலியோவுக்குத் தனிக் குத்து இல்லை. இந்த இரண்டிலும் தனியார் ஊசிதான் மேல், சந்தேகமே இல்லை.

ஆனால் வலி குறைந்த ஊசி தரும் கக்குவான் பாதுகாப்பு சீக்கிரமாகத் தேய்கிறது. அமெரிக்கா 1990களிலேயே அந்த ஊசிக்கு மாறியது. 2010இல் கலிபோர்னியாவில் கக்குவான் பரவி 9,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 10 கைக்குழந்தைகள் இறந்தன. முழுக்கிருமி ஊசி போடும் நாடுகள் முதல் தவணைகளுக்கு அதையே தொடரலாம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. என்னை முடிவெடுக்க வைத்தது நம் ஊர் வெயில்.

இரண்டு ஊசியுமே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. சூடு பட்டாலும் வீரியம் போகும், உறைந்தாலும் போகும். கெட்டுப்போன மருந்தைப் போட்டால் குழந்தை அழாமல் இருக்கலாம், ஆனால் பாதுகாப்பு இருக்காது. அதுவும் யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் விலை கேட்க ஒரு கிளினிக்குக்குப் போனேன். மருந்து இருந்தது வீட்டு ஃபிரிட்ஜில், கதவுத் தட்டில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில். நான் நின்ற கால் மணி நேரத்தில் மூன்று முறை அந்தக் கதவு திறந்தது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “சீக்கிரம் வந்துடும்மா” என்றார்கள். வேலூர் வெயிலில் அந்தப் பதிலோடு என்னால் வீட்டுக்கு வர முடியவில்லை.

சரி, அரசு நிலையத்தில் எப்படி? அடுத்த புதன்கிழமை, ஊசி போடும் நாளில் போய் நர்ஸம்மாவிடம் கேட்டேன். கோபப்படவில்லை, உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். மேல்பக்கம் மூடி திறக்கும் குளிர்பெட்டி, ஐ.எல்.ஆர். என்கிறார்கள். சுற்றிலும் பனி அடுக்கு இருப்பதால் கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிர் நிற்கும். மூடியைத் திறந்தாலும் குளிர்ந்த காற்று கீழேயே தங்கும். காலையும் மாலையும் வெப்பநிலை எழுதும் நோட்டு பக்கத்திலேயே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை கட்டமும் நிரம்பியிருந்தது.

அப்புறம், மருந்தில் சூடு பட்டதா என்று காட்டும் ஒரு குறி. பாட்டில் மேல் ஒரு வட்டம், அதற்குள் வெள்ளையாக ஒரு சதுரம். சூடு படப் படச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். “நடுவுல வெள்ளையாத்தானே இருக்குது? நீயே பாரும்மா” என்று பாட்டிலை என் கையில் கொடுத்தார். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு ஐஸ் வைத்த பெட்டியில் மருந்து போகும்போதும் இந்தக் குறியைப் பார்த்துத்தான் போடுகிறார்களாம். கிளினிக்கில் எனக்குக் காட்டிய டப்பாவில் இந்தக் குறி இல்லை. உறைந்ததா என்பதை இது காட்டாது என்பதையும் நர்ஸம்மாவே சொன்னார். ஆனாலும் என் கண்ணால் பார்த்து நம்ப ஒரு வழி கிடைத்தது.

ஒரே பாட்டிலில் பல குழந்தைகளுக்குப் போடுகிறார்களே என்று அத்தை கேட்டார். மருந்துதான் பொது, ஊசி ஒவ்வொரு குழந்தைக்கும் புதிது, ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் வகை.

நான் சொல்வது இரண்டு குழந்தைகளையும் ஒரு கிளினிக்கையும் ஒரு சுகாதார நிலையத்தையும் பார்த்த அனுபவம், அவ்வளவுதான். தடுப்பூசிக்கென்றே தனிக் குளிர்பெட்டியும் ஜெனரேட்டரும் வைத்திருக்கும் மருத்துவமனைகள் நம் ஊரில் உண்டு. அங்கே வலி குறைந்த ஊசி போடுகிறவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். முதல் ஊசிக்குப் பிறகு குழந்தைக்கு வலிப்பு வந்திருந்தாலோ, மணிக்கணக்கில் நிற்காமல் அழுதிருந்தாலோ, இந்த ஒப்பீட்டைத் தள்ளி வைத்துவிட்டு குழந்தை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

தனியார் என்று முடிவு செய்தால் முதலில் ஃபிரிட்ஜைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே தெர்மாமீட்டர் இருக்கிறதா, நோட்டு எழுதுகிறார்களா, கரண்ட் போனால் மாற்று வழி என்ன என்று கேளுங்கள். மருந்துக் கடையில் வாங்கி, பையில் போட்டு, பஸ்ஸில் எடுத்துப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். அரசு என்றால் புதன்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள், குறியைக் காட்டச் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, சூடு ஒத்தடமும் கூடாது. அன்று இரவு குழந்தையை மாறி மாறித் தூக்க வீட்டில் இன்னொருவர் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் அது அத்தைதான்.