பாதி அட்டை

மூன்று வாரம் தஞ்சாவூரில் இருந்தேன். கல்யாணம், குலதெய்வக் கோயில் எல்லாம் நல்லபடி முடிந்தது, அதை விடுங்கள். இந்த மாத்திரை அட்டைக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அப்பா போனதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. மனச்சோர்வு என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். நான் போய் இறங்கியபோது அதைச் சாப்பிட ஆரம்பித்து மூன்றாவது வாரம். தலைவலி, குமட்டல், நடந்தால் தள்ளாட்டம். காபி டம்ளரை ஆற்றாமல் கையில் பிடித்தபடியே நிற்கிறாள். "வயசாச்சுல்ல" என்றாள் சித்தி. ராத்திரி என்னைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டதும் ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? பிரஷர் மாத்திரை தெரியும். இன்னொன்று? சீட்டைக் காணோம். காக்கிக் கவரில் இரண்டு மாத்திரை. அஞ்சஞ்சாக வாங்குவதுதானே நம் வழக்கம். மெடிக்கல்காரர் கத்தரியால் நறுக்கியதில் பெயர் இருந்த பாதி கடையிலேயே நின்றுவிட்டது. எங்கள் பங்குக்கு வந்தது விலையும் பேட்ச் எண்ணும். கவர் மேல் பேனாவில் 1-0-0. நான் இருக்கிற டொராண்டோவில் பெயர், அளவு, தேதி அச்சடித்து டப்பாவில் தருவார்கள், பக்கவிளைவுத் தாளோடு. அதைப் படிக்காமல் குப்பையில் போடுகிற ஆள்தான் நான். அன்றைக்கு அதற்கு ஏங்கினேன்.

தம்பி போய் ஷட்டரைத் தட்டி, கடைக்காரரை எழுப்பி, மீதி அட்டையைப் படம் எடுத்து அனுப்பினான். எஸ்சிட்டலோப்ராம். அதற்குள் ரத்த ரிப்போர்ட்டும் வந்துவிட்டது (டொராண்டோ என்றால் எமர்ஜென்சியில் உட்கார்ந்தே விடிந்திருக்கும்). சோடியம் 118. 135-க்குக் குறையக் கூடாதாம்.

இந்த வகை மாத்திரை சிலருக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, தண்ணீரை உடம்பிலேயே தேக்கி ரத்தத்து உப்பை நீர்க்க வைத்துவிடும் என்றார் டாக்டர். பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே. பிரஷர் மாத்திரையில் இருந்த ஹைட்ரோகுளோரோதயசைடும் சோடியத்தை இறக்குகிற சாமான்தான். இரண்டையும் நிறுத்தினார். சித்தி ஒரு சொம்பு உப்புத் தண்ணீரோடு வந்து நின்றாள். "தண்ணியே அளவாத்தாம்மா குடிக்கணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். சோடியத்தை மளமளவென்று ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்தாம். சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றினார்கள்.

நாலாம் நாள் 131. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போதல" என்றாள் அம்மா.

அப்புறம் புது பிரஷர் மாத்திரை வாங்க அதே கடைக்குப் போனேன். "முழு அட்டையா குடுங்கண்ணே."

"அஞ்சு நாளைக்குத்தானே மேடம் எழுதியிருக்கு?" என்று கத்தரியை எடுத்தார்.