கட்லா என்று கொடுத்த ஜிலேபி: மீன் குஞ்சு வாங்குவோர் கவனத்துக்கு

தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் இந்த மழைக்கு மீன் குஞ்சு விடுவதாக இருந்தால், வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

போன கார்த்திகையில் எங்கள் 25 சென்ட் குட்டை நிரம்பிக் கிடந்தபோது, வேனில் ஒரு வியாபாரி வீடு தேடி வந்தார். கட்லா, ரோகு, மிர்கால் கலந்து ஆயிரம் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்), விலை 3,500 ரூபாய். “வைகாசியில் ஒவ்வொன்றும் ஒரு கிலோ நிற்கும் ஐயா” என்று அப்பச்சியிடம் அடித்துச் சொன்னார். நான்கு ஆக்சிஜன் பைகள், பைக்கு 250 என்பது அவருடைய வாய்க்கணக்கு. இருட்டிக்கொண்டிருந்தது. பையைக் கால் மணி நேரமாவது குட்டையில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகுதான் அவிழ்க்க வேண்டும். அதற்குள் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று அவரே அவிழ்த்துக் கொட்டிவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் கரையோரம் வெள்ளையாகச் செத்து மிதந்தன. போன் செய்தால், “உங்கள் தண்ணீர் சரியில்லை” என்றார். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

பிழைத்தவை வளரட்டும் என்று ஏழு மாதம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டோம், 11,000 ரூபாய்க்கு. தீனி போட்டால் தண்ணீர் கொதிப்பதுபோல் மீன் துள்ளும். அப்பச்சி தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பார். அந்தத் துள்ளலே எங்களை ஏமாற்றியது.

வைகாசியில் வலை இழுத்தோம். ஏழு மாதத்தில் கட்லா அரைக் கிலோவையாவது தாண்டியிருக்க வேண்டும். தேறிய கட்லா பதினொன்று. மற்றதெல்லாம் உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா), குஞ்சும் குட்டியுமாக. வாங்க வந்தவர் கூடையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

ஜிலேபியை நான் பழிக்கவில்லை, குழம்புக்கு நல்ல மீன்தான். ஆண் மீன்களை மட்டும் அனுமதி பெற்று வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 1952-ல் இந்தியாவுக்குள் வந்த இந்த ஆப்பிரிக்க மீன் ஆணும் பெண்ணுமாக ஒரு குட்டைக்குள் புகுந்தால் இரண்டு மூன்று மாதத்தில் முட்டைக்கு வந்துவிடும். தாய் முட்டையை வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகள் எளிதில் அழிவதில்லை. கூட்டம் பெருகப் பெருக வளர்ச்சி நின்றுவிடும். கட்லாவுக்குப் போட்ட தீனியையும் அவையே தின்றுவிடும்.

வாங்கும்போதே கண்டுபிடித்திருக்கலாம், அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு பையைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தொட்டியில் ஊற்றி எண்ணிப் பாருங்கள். கட்லாவுக்குத் தலை பெரிது, வாய் மேல்நோக்கி இருக்கும். ஜிலேபிக் குஞ்சின் முதுகுத் துடுப்பு நீளமானது, பின்பகுதியில் ஒரு கரும்புள்ளி தெரியும். வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலால் தடவினால் முள் குத்தும். கட்லா, ரோகு, மிர்காலுக்கு அப்படிக் குத்தாது. ரசீது தராதவரிடம் வாங்கவே வேண்டாம். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டால் அரசு மீன் விதைப் பண்ணைக் குஞ்சுக்கு வழி சொல்வார்கள். நான் இப்போதுதான் அங்கே போனேன்.

குட்டையை மோட்டார் வைத்து இறைத்துவிட்டோம். மிச்சமிருந்த சேற்றுத் தண்ணீரில் ஒளிந்திருக்கும் மீன்கள் சாக இலுப்பைப் புண்ணாக்கு போட்டிருக்கிறேன். அதன் நஞ்சு தணிய மூன்று வாரமாவது ஆகும் என்பதால் அதுவரை எதையும் விடப்போவதில்லை.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது வேறு. மார்கழி அடைமழையில் எங்கள் குட்டை நிரம்பி வழிந்து ஊர்க் கண்மாய்க்குப் போனது. கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே ஊத்தாவோடு (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் அடியில்லாக் கூடை) இறங்கும், விராலும் கெளுத்தியும் அகப்படும். அங்கே முன்பும் ஜிலேபி உண்டுதான். இந்த ஆண்டு பக்கத்து வீட்டு ஆயாவின் ஊத்தாவில் அதைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் குட்டைத் தண்ணீர் வழிந்தோடும் மறுகால் வாயில் அடர்வலை கட்ட, இன்று ஆள் சொல்லியிருக்கிறேன்.